கயிறு கட்டி இழுத்த பென்ஸ்

முன்கண்ணாடியில் 'பிரவீன்குமார் – சங்கவி' என்றும், பின்கண்ணாடியில் 'பிரவீன்குமார் – வெண்ணிலா' என்றும் பெயர் ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளை பென்ஸ் கார் வளவனூர் கடைத்தெருவில் பெண் அழைப்பு ஊர்வலம் போனதென்றால், அதற்கு ஜெர்மனிக்காரன் எந்த வகையிலும் பொறுப்பல்ல. காரின் சொந்தக்காரரும் டிரைவருமான திண்டிவனம் அருள்நாதன்தான் பொறுப்பு.

மற்றவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அருள்நாதன் சிக்கனம் என்பார். முந்தின வாரம் கிளியனூரில் ஒரு கல்யாணத்துக்கு இதே கார் போயிருந்தது. அந்த மாப்பிள்ளையும் பிரவீன்குமார். தெர்மாகோலில் எழுத்து வெட்டி, தங்கத்தாள் சுற்றி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒவ்வொன்றாக நிறுத்துவதற்கு ஒரு பெயருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்தடுத்த வாரத்தில் ஒரே பெயரில் இரண்டு மாப்பிள்ளைகளை ஆண்டவர் அனுப்பிவைத்தால், அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது பாவம் என்று அருள்நாதன் நினைத்தார். மாப்பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு, முன்பக்கம் வெண்ணிலாவைப் பெயர்த்தார், சங்கவியை ஒட்டினார். பின்பக்கம் போவதற்குள் டீ வந்தது. டீயோடு பேசுவதற்கு ஓர் ஆளும் வந்தது. பேச ஆள் கிடைத்துவிட்டால், காருக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோகும்.

பெண் அழைப்பில் மேளமும் ஆண்களும் காருக்கு முன்னால் போவார்கள். சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் பின்னால் வருவார்கள். அதனால் முன்னால் போனவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த நாற்பது பெண்களும் தட்டும் கையுமாகக் கண்ணாடியைப் படித்துக்கொண்டே வந்தார்கள்.

"ஏன்டி, நம்ம பொண்ணு பேரு சங்கவி தானே? இது யாரு வெண்ணிலா?"

"வூட்ல கூப்புடற பேரா இருக்கும்க்கா."

"பொறந்த அன்னிக்கு மொதல்ல தூக்குனவ நான். எனக்குத் தெரியாம அது என்னாடி கூப்புடற பேரு?" என்றாள் பாஞ்சாலி. அவள் பெண்ணுக்கு அத்தை. கையில் வாழைப்பழத் தட்டு.

பிள்ளையார் கோயிலில் கிளம்பும்போது வெண்ணிலா வெறும் சந்தேகமாகத்தான் இருந்தாள். அரிசிக்கடையைத் தாண்டும்போது மாப்பிள்ளையின் பழைய பழக்கமானாள். உரக்கடை முனையில் மூத்த தாரமானாள். மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

மேளம் திடீரென்று நின்றது. பெண்ணின் தாய்மாமன் கிருஷ்ணசாமி பின்பக்கமாக ஓடிவந்தார். கரும்பு போடுகிறவர், குரல் ஆலை வரைக்கும் கேட்கும்.

"யோவ் டிரைவரு! எறங்குய்யா கீழ! என்னாய்யா இது?"

அருள்நாதன் இறங்கினார், பார்த்தார். அந்த நேரத்தில் யோக்கியனாக இருந்தால் 'மன்னிச்சிக்குங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். ஆனால் அருள்நாதனுக்குப் பயம் வந்தால் வாயில் கேலிதான் வரும். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கும்போதே அப்படித்தான். ஐம்பத்துமூன்று வயதாகியும் மாறவில்லை.

"எவ்ளோ நல்ல வண்டின்னாலும் பின்னாடி ஒரு ஸ்டெப்னி இருக்கணும் இல்லீங்களா" என்றார்.

பாஞ்சாலியின் தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கீழே விழுந்தது. கிருஷ்ணசாமியின் கை அருள்நாதனின் சட்டைக் காலருக்கு வந்தது.

"கைய எடுங்க, சொல்றேன்" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

ஆப்பிள் தட்டோடு முன்னால் வந்தவர் அமல்ராணி. விழுப்புரத்தில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். சங்கவி அவரிடம் கற்றுக்கொண்ட பெண். அந்த உரிமையில் சீர்த்தட்டு. ஊரில் எல்லாரும் அவரை டீச்சர் என்பார்கள்.

"இது போன வாரம் கிளியனூர்ல நடந்த கல்யாணத்துப் பேரு. அந்த மாப்ள பேரும் பிரவீன்குமாரு. பொண்ணு பேரு வெண்ணிலா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பின்கண்ணாடியில இருந்ததை இவரு கழட்ட மறந்துட்டாரு, அவ்ளோதான். நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். போட்டோ இருக்கு, பாருங்க."

போனை நீட்டினார். அதில் இதே கார், இதே வெண்ணிலா, பக்கத்தில் மீசை வைத்த வேறொரு பிரவீன்குமார். கிருஷ்ணசாமி பார்த்தார், பாஞ்சாலி பார்த்தாள், நாற்பது பெண்களும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். இரண்டு வயதுக் குழந்தை காற்றில் கரைந்தது. சிலருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

அருள்நாதன் எழுத்துகளைப் பிய்த்துக்கொண்டே அமல்ராணியைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் இந்த டீச்சர் நேராகப் பதில் சொல்கிறார். தனக்கு மட்டும்தான் இரண்டு மாதமாகச் சொல்லவில்லை.

கேள்வி சின்னதுதான். இவரைக் கட்டிக்கொள்வாரா, மாட்டாரா?

அருள்நாதனின் மனைவி இறந்து ஏழு வருஷம். அமல்ராணியின் கணவர் போய்ப் பத்து வருஷம். இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள். விழுப்புரத்தில் ஆர்.டி.ஓ. ஆபீசில்தான் முதலில் பார்த்துக்கொண்டார்கள். இவர் பென்சுக்கு எஃப்.சி. எடுக்கப் போயிருந்தார். அவர் ஆறு பெண்களை 'எட்டு' போட வைப்பதற்காக அழைத்து வந்திருந்தார். "சார், நீங்க வண்டிய நிறுத்தியிருக்கற லட்சணத்தைத்தான் என் புள்ளைங்களுக்கு 'இப்படி நிறுத்தாதீங்க'ன்னு காட்டிக்கினு இருக்கேன்" என்றார். அருள்நாதன் அன்றைக்கே விழுந்துவிட்டார். அதன்பிறகு டீச்சரிடம் படித்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் இவர் பென்ஸ்தான். கல்யாணத்துக்குக் கல்யாணம் டீ, நடுவில் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலை வறுவல், இரண்டு வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு. எட்டு மாதம் நன்றாகப் போனது.

இரண்டு மாதத்துக்கு முன் தைரியம் வந்து கேட்டார். எப்படிக் கேட்டார்? "டீச்சர், இந்த வண்டிக்கு ஓனரு இருக்காரு. ஓனரம்மா போஸ்ட்டு காலியா கெடக்குது. அப்ளிகேஷன் போடறீங்களா?" என்று கேட்டார்.

டீச்சர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஆர்.சி. புக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் கரெக்டா இருந்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குச் சம்மதம் என்று அர்த்தமா, இல்லையா? அருள்நாதன் அன்றைக்கு ராத்திரி வண்டியின் இன்சூரன்ஸை நிஜமாகவே எடுத்துப் பார்த்தார். அடுத்த நாள் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டார். "ஜெபியுங்கள்" என்றார் அவர். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஜெர்லினிடம் கேட்டார். "அவங்ககிட்ட கேக்க வேண்டியதை என்கிட்ட கேட்டா எப்படிப்பா?" என்றாள். ஓசூரில் இருக்கும் அமல்ராணியின் மகன் இருதய அருணுக்கு வாட்ஸப்பில் சுற்றி வளைத்து ஒரு செய்தி போட்டார். கட்டைவிரல் வந்தது. ஆனால் அந்தப் பையன் 'காலை வணக்கம்' என்றாலும் கட்டைவிரல்தான் போடுவான். போன மாதம் ஒரு துக்கச் செய்திக்கும் அதையே போட்டிருந்தான்.

இதையெல்லாம் நினைத்தபடி அருள்நாதன் கடைசி எழுத்தையும் பிய்த்து முடித்தபோது, கிருஷ்ணசாமி திரும்பி வந்தார்.

"எனக்குப் புரிஞ்சிது, நான் வுட்டுட்டேன். உள்ள ஐந்நூறு பேரு ஒக்காந்துக்கினு இருக்காங்க. அவங்களுக்கு யாரு சொல்றது? மேடையில மைக்கு இருக்கு. வந்து சொல்லு. ஜல்தி!"

அருள்நாதன் போனார். மணப்பெண் சங்கவி முறைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை பிரவீன்குமார் வியர்த்துக்கொண்டிருக்க, மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. கார்ல ஒட்டியிருந்த வெண்ணிலா கிளியனூர்ல புருஷனோட சௌக்கியமா இருக்குது. அந்தப் புருஷன் வேற பிரவீன்குமாரு. நம்ம மாப்ள மேல ஒரு குத்தமும் கெடையாது. தப்பு பண்ணது நான் ஒருத்தன்தான். மன்னிச்சிக்குங்க."

இந்த இடத்தில் மைக்கைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கையில் மைக், எதிரில் ஐந்நூறு பேர். அருள்நாதனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் இதற்குமுன் வந்ததில்லை. எந்தக் கல்யாணத்திலும் காரைச் சுற்றி நிற்கும் நாலு பேருக்குச் சொல்லும் கதை ஒன்று அவரிடம் இருந்தது. அவருடைய பென்ஸ் தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி, பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடமிருந்து கைமாறி வந்தது. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும், பானெட்டில் கல்யாண வீட்டார் வைத்த சந்தனமும் குங்குமமும் இருக்கும், நெற்றியில் 'ஜெர்லின்' என்று எழுதியிருக்கும். வாங்கிய அன்றிலிருந்து அந்தக் கம்பெனியின் சரித்திரத்தைத் தேடித்தேடிப் படித்து, சொந்தக் குடும்பச் சரித்திரம் மாதிரி ஆக்கிவைத்திருந்தார்.

"ஆனா ஒண்ணுங்க. இந்தக் காரு இன்னிக்கு உலகத்துல ஓடுதுன்னா அதுக்குக் காரணம் ஒரு பொம்பள, அம்மா வூட்டுக்குப் போனது. தெரியுங்களா?"

பெண்கள் பக்கம் பேச்சு நின்றது.

"ஆயிரத்தி எண்ணூத்தி எம்பத்தெட்டு. ஆகஸ்ட் மாசம். ஜெர்மனியில கார்ல் பென்ஸுன்னு ஒருத்தரு. மூணு சக்கரத்துல குதிரை இல்லாத வண்டி ஒண்ணு செஞ்சி வச்சிக்கினு, இன்னும் சரி பண்ணணும், இன்னும் சரி பண்ணணும்னு தட்டிக்கினே இருக்காரு. ஊர்ல ஒருத்தரும் வாங்கலை. அவரு சம்சாரம் பெர்த்தா. ஒருநாள் விடியக்காலையில, அவரு தூங்கறப்ப, ரெண்டு பையனுங்களையும் எழுப்பிக்கினு, வண்டிய எடுத்துக்கினு கெளம்பிடுச்சு. எங்க? அம்மா வூட்டுக்கு. நூறு கிலோமீட்டருக்கு மேல. நம்ம விழுப்புரத்துலேர்ந்து செங்கல்பட்டு போற தூரம். அதுவரைக்கும் உலகத்துல யாரும் கார்ல அவ்ளோ தூரம் போனதில்லை."

"தனியாவா?" என்றது ஒரு குரல்.

"புள்ளைங்களோடதாங்க. வழியில எண்ணெய் தீந்துபோச்சு. பங்க் ஏது அப்போ? மெடிக்கல் ஷாப்புக்குப் போயி, துணியில கறை எடுக்கற திரவம் ஒண்ணு விப்பாங்க, அதை வாங்கி ஊத்துச்சு. குழாய் அடைச்சிக்கிச்சு. தொப்பி ஊசியை எடுத்துக் குத்துச்சு. பிரேக்கு தேஞ்சிபோச்சு. செருப்பு தைக்கறவரைப் புடிச்சி, தோலு வச்சிக் கட்டிக்கிச்சு. மேட்ல பையனுங்க தள்ளுனாங்க. முறுக்கைக் கடிச்சிக்கினே சாயங்காலம் அம்மா வூடு போய்ச் சேந்து, புருஷனுக்குத் தந்தி குடுத்துச்சு, வந்து சேந்துட்டோம்னு. அதுக்கப்புறம்தான் ஊரே திரும்பிப் பாத்துச்சு."

முறுக்கு மட்டும் அருள்நாதன் சேர்த்தது. மற்றதெல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான்.

"அப்போ அன்னிக்கு வூட்டுக்காரருக்குச் சோறு யாரு ஆக்குனது?" என்றாள் பாஞ்சாலி.

மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளைகூடச் சிரித்தான். அருள்நாதன் அதோடு விடாமல் மெர்சிடிஸ் பெயருக்கும் வந்தார். அது வேறொரு கம்பெனி. அந்தக் காரை வாங்கி விற்ற ஒரு பெரிய வியாபாரி தன் சிறு வயது மகளின் பெயரை வண்டிக்கு வைத்தார். பிற்பாடு இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகின. "நம்ம ஊர்ல லாரி நெத்தியில பொண்ணு பேரு எழுதறோமே, அதேதாங்க. நம்மாளு பெயிண்ட்ல எழுதுனான், அவன் வெள்ளியில எழுதுனான்." கிருஷ்ணசாமி முதல் வரிசையில் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் டிராக்டர் நெற்றியில் 'சங்கவி' என்றுதான் இருந்தது. வெண்ணிலாவை எல்லாரும் மறந்தார்கள்.

பந்தியில் அமல்ராணி பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் சொன்னீங்க. நாப்பதாவது தடவையா கேக்கறேன், இன்னும் சலிக்கலை. ஒண்ணு கேக்கட்டா சார்? அந்தம்மா ஏன் புருஷன்கிட்ட சொல்லாம போச்சு?"

"சொன்னா 'எனக்கும் மாமியார் வூட்டைப் பாக்கணும்'னு கூட வந்திருப்பாரு, டீச்சர். எடம் இல்ல."

அமல்ராணி சிரிக்கவில்லை. "கேட்டிருந்தா அந்தாளு பதிலே சொல்லியிருக்க மாட்டாரு. யோசிச்சிக்கினே, தட்டிக்கினே இருந்திருப்பாரு. சிலபேரு அப்படித்தான்" என்றார். அப்பளத்தை உடைத்தார். "இருதய அருண் ஓசூருக்கு வான்னு கூப்பிடறான். கிளாஸை மூடிட்டு அடுத்த மாசம் போயிடலாமான்னு பாக்கறேன். இங்க எனக்கு யாரு இருக்கா?"

அருள்நாதனுக்குச் சொல்ல வேண்டிய பதில் தெரியும். 'நான் இருக்கேன்' என்று இரண்டே சொல். எழுதி ஒட்டினால்கூட முக்கால் மணி நேர வேலைதான்.

"ஓசூர்ல குளுரும் டீச்சர். நல்லதா ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்குங்க" என்றார்.

அமல்ராணி ரசம்கூட வாங்காமல் எழுந்து போனார்.

அருள்நாதன் மண்டபத்துக்கு வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"ஸ்வெட்டரா?" என்றாள் ஜெர்லின்.

"ஆமா."

"அப்பா, உன்னைப் பெத்தவங்க இப்போ இல்லையே, யார்கிட்ட போயி நான் சொல்லி அழறது?" என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "அம்மாகிட்ட எப்படிப்பா கேட்ட?"

"நான் எங்க கேட்டேன்? எங்கப்பா கேட்டாரு."

"அதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

காலையில் முகூர்த்தம் நல்லபடி நடந்தது. மணமக்களை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போக பென்ஸ் வந்து நிற்க வேண்டும். அருள்நாதன் சாவியைத் திருகினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு ஒன்றுமில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, தள்ளினாலும் கிளம்பாது. வண்டிமேல் குற்றமில்லை. பூ அலங்காரத்துக்கு நடுவே சுற்றியிருந்த சீரியல் பல்புகளை வண்டி பேட்டரியில் கொடுத்துவிட்டு, ஜெர்லின் போனை வைத்த வருத்தத்தில் அணைக்காமலே படுத்துவிட்டார். பல்புகள் யாருமில்லாத வாசலில் விடியும்வரை கல்யாணம் கொண்டாடியிருந்தன.

"உன்னோட ஒரே பேஜாராப் போச்சுய்யா" என்றார் கிருஷ்ணசாமி. சொன்னாலும் முகத்தில் கோபமில்லை. ராத்திரிக் கதையின் மிச்சம் இன்னும் இருந்தது. மணமக்களைத் தன் ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, கரும்பு லோடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "விழுப்புரம் வரைக்கும் இழுத்துக்கினு போனா மெக்கானிக்கு இருக்காரு. ஆனா எதை வச்சி இழுக்கறது? டிராக்டரு வயல்ல கெடக்குது."

"நான் இழுக்கறேன்" என்றார் அமல்ராணி. அவரும் விழுப்புரத்துக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டி சிவப்பு மாருதி. தலையில் பலகை, நாலு பக்கமும் 'எல்'.

"டீச்சர், அது தாங்குமா?"

"சமதளம்தானே. மெதுவா போனா தாங்கும். நீங்க ஒழுங்கா உக்காந்து வந்தா போதும்." முகத்தில் ராத்திரி எழுந்து போனதன் அடையாளம் எதுவுமில்லை. பாடம் நடத்துகிற முகம். "கேட்டுக்குங்க. எஞ்சின் ஓடாததால பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும், ஸ்டீரிங்கும் கெட்டியா இருக்கும். கயிறு தொங்கவே கூடாது. நான் நிக்கப்போறேன்னு தெரிஞ்சா, எனக்கு முன்னாடி நீங்க பிரேக்கை மிதிக்கணும். எங்க பாக்கணும்?"

"உங்களையா?"

"என் பிரேக் லைட்டை."

வளவனூர் கடைத்தெருவில், முந்தின நாள் மேளதாளத்தோடு போன அதே வழியில், வெள்ளை பென்ஸ் சிவப்பு மாருதிக்குப் பின்னால் கயிற்றில் போனது. மாலைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்னாண்ணே, ஜமீன்தாரு ரேஷன் கடைக்குப் போறாரா?" என்று ஒருவன் பைக்கில் கடந்தான்.

"ஆட்டுக்குட்டி ஆனையை இழுக்குது பாருடா!" என்றான் இன்னொருவன்.

அருள்நாதன் எல்லாருக்கும் கையாட்டினார். வேறு சமயமாக இருந்தால் ஆளுக்கு ஒரு பதில் கொடுத்திருப்பார். ஊரைத் தாண்டிக் கரும்பு வயல்கள் வந்ததும் கையாட்ட ஆளில்லை. எஞ்சின் சத்தமில்லாத பென்ஸில் இப்படி உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. டயர் உருளும் சத்தம் மட்டும். எதிரே பன்னிரண்டு அடியில் மாருதியின் முதுகு. அதில் எழுதியிருந்தது: 'பழகுநர் வண்டி. பொறுமை காக்கவும்.' அதற்கு மேலே கண்ணாடியில் அமல்ராணியின் பின்னந்தலை, கொண்டை, அதில் நேற்றைய மல்லிகை வாடிப்போய்.

நாலு கிலோமீட்டர் அந்தக் கொண்டையைப் பார்த்தபடி வந்தார். அது ஒருதடவைகூடத் திரும்பவில்லை. அடுத்த மாதம் அது ஓசூரில் இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே டீக்கடை இருக்கும், மல்லாட்டை இருக்கும், இவரும் இருப்பார். தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு.

அருள்நாதன் ஒரு கையால் போனை எடுத்து அமல்ராணிக்கு அடித்தார்.

மாருதி போனை எடுக்கவில்லை. இடதுபக்க இண்டிகேட்டர் போட்டது. பிரேக் லைட் எரிந்தது. அருள்நாதன் இரண்டு காலையும் ஊன்றிப் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். பென்ஸின் மூக்கு மாருதியின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

அமல்ராணி இறங்கிவந்தார். கயிற்றைக் குனிந்து பார்த்தார். அப்புறம் இவர் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார். கண்ணாடி இறங்கவில்லை, அதுவும் பேட்டரியில் இறங்குவதுதான். அருள்நாதன் உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். அமல்ராணி காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்றார். வேறு வழியில்லாமல் அருள்நாதன் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றார்.

"வண்டி ஓட்றப்ப போன் பண்றீங்களே, அறிவிருக்கா? என் ஸ்டூடண்டு பண்ணியிருந்தா அங்கயே எறக்கி வுட்டிருப்பேன். கயிறு அறுந்துச்சா?"

"இல்ல."

"பிரேக்கு?"

"புடிக்குது."

"பின்ன என்னா?"

அருள்நாதன் வாயைத் திறந்தார். அடுத்தடுத்து மூன்று ஜோக் வரிசையில் வந்து நின்றன. ஒன்று கயிற்றைப் பற்றியது, ஒன்று பேட்டரியைப் பற்றியது, ஒன்று ஓசூர் குளிரைப் பற்றியது. மூன்றுமே நல்ல ஜோக்குகள். ஒவ்வொன்றாக விழுங்கினார். கடைசியது கொஞ்சம் சிரமமாகத்தான் இறங்கியது.

"டீச்சர், எனக்கு அம்பத்துமூணு வயசு. சுகர் இருக்கு, மாத்திரை போடறேன். பொண்ணுக்கு விஷயம் தெரியும், அவளுக்குச் சந்தோஷம்தான். நீங்க ஓசூருக்குப் போனா நான் ரொம்பக் கஷ்டப்படுவேன். உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ஆசை. உங்களுக்குச் சம்மதமா?"

ஒரு பாண்டிச்சேரி பஸ் கடந்து போனது. புழுதி அடங்கும்வரை அமல்ராணி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், லைசென்ஸ் கொடுக்கலாமா என்று பார்க்கிற மாதிரி.

"இதுல ஜோக்கு எங்க?"

"இல்ல டீச்சர்."

"பின்னாடி வருதா?"

"வராது."

"ரெண்டு மாசமா ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் கேட்டீங்க. எங்க பங்குச் சாமியாரு வரைக்கும் சேதி வந்துருச்சு. என் புள்ள போன் பண்ணி, 'அம்மா, அந்த அங்கிள் உன்கிட்ட கேட்டாரா இல்லையா'ங்கறான். நான் என்னா சொல்றது? அப்ளிகேஷன்னு கேட்டா ஆர்.சி. புக்குன்னுதான் பதில் வரும்."

"தப்புதான்" என்றார் அருள்நாதன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "இப்போ ஒழுங்கா கேட்டுட்டேன். நீங்களும் ஒழுங்கா சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் சரி."

அமல்ராணி முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்தார்.

"சம்மதம். ஓசூருக்கு நான் போகலை, இன்னிக்கே அருணுக்குச் சொல்லிடறேன். ஆனா கிளாஸை விட்டுட்டு திண்டிவனத்துக்கு வரமாட்டேன், நீங்கதான் விழுப்புரத்துக்கு வந்து இருக்கணும். ஞாயித்துக்கிழமை சாமியாரைப் பாத்து, கோயில்ல பூசையில எல்லாருக்கும் அறிவிக்கற மாதிரி நம்ம கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி எழுதிக் குடுத்துடலாம்."